மழைக்கூடாரத்தில் மரக்கறி: கொழும்பு வளவில் ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டுவது எப்படி

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று நம்மவர்கள் சொல்வது கொழும்புக்கும் பொருந்தும். இங்கே ஆண்டின் மிக ஈரமான மாதங்களில் ஒக்டோபரும் நவம்பரும் அடங்கும். இரண்டு மாதத்து மழையையும் கூட்டினால் 600 மில்லிமீற்றரைத் தாண்டிவிடும். காலையில் வெயில் அடிக்கும், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு கறுத்துக்கொண்டு வரும், இடி மின்னலோடு கொட்டும், இரவெல்லாம் ஈரம் தங்கி நிற்கும். இந்தக் காலத்தில் வெறும் வளவில் தக்காளியோ கறிமிளகாயோ நட்டவர்கள் இலை கருகுவதையும் தண்டு அழுகுவதையும் பார்த்துவிட்டு, "கொழும்பு மண்ணுக்கு இதெல்லாம் சரிவராது" என்று கைவிடுகிறார்கள். மண்ணில் குறை இருக்கலாம், அதற்கு வருகிறேன். ஆனால் முதல் குற்றவாளி இலை மேல் மணிக்கணக்காகத் தங்கும் ஈரம். அதற்கு ஒரு சிறிய கூடாரம் போதும்.

மழை முடியட்டும், பிறகு நடலாம் என்று காத்திருப்பதிலும் நட்டம் உண்டு. டிசம்பர் கடைசியில் நட்ட செடி பூக்கும்போது பெப்ரவரி, மார்ச் வெக்கை வந்துவிடும், பூ உதிரும். செப்டெம்பர் நடுவில் விதைபோட்டு ஒக்டோபர் நடுவில் நாற்றை மாற்றி நட்டால், செடி மழைக்காலத்தில் வளர்ந்து, கொழும்பின் வரண்ட மாதமான ஜனவரியில் காய்க்கும். தைப்பொங்கலுக்கு உங்கள் வளவுக் காயே அடுப்படிக்கு வரும். அந்த நடுப்பட்ட இரண்டு மாதத்தைத் தாண்டுவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்

நுவரெலியாப் பக்கம் போனவர்கள் அங்குள்ள பொலித்தீன் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பக்கமும் அடைத்து, கதவு வைத்து, உள்ளே குடைமிளகாயும் சலாதும் வளர்ப்பார்கள். அங்கே இரவுக் குளிருக்கு அது தேவை. கொழும்பில் பகல் 30 பாகை, இரவு 24 பாகை. இங்கே சேமித்து வைக்க வேண்டிய சூடு எதுவும் இல்லை. அதே வீட்டை அப்படியே வெள்ளவத்தையிலோ வத்தளையிலோ கட்டினால், வெயில் அடிக்கும் காலையில் உள்ளே 40 பாகை தாண்டும்; இரவில் ஈரப்பதன் உச்சத்தில் நிற்கும்; விடியற்காலையில் பொலித்தீனின் உட்புறம் வியர்த்து, துளித்துளியாக இலை மேல் கொட்டும். வெளியே மழைக்குப் பயந்து உள்ளே ஒரு மழையை உண்டாக்கியதாக முடியும்.

நமக்கு வேண்டியது ஒரு பெரிய குடை. மேலே மறைப்பு, பக்கங்கள் திறப்பு. இந்த ஒரு கருத்தை மனதில் வைத்திருந்தால், கீழே நான் சொல்லும் அளவுகளை உங்கள் வளவுக்கு ஏற்ப நீங்களே மாற்றிக்கொள்ளலாம். எங்காவது சந்தேகம் வந்தால் "இது காற்றை மறிக்குமா?" என்று கேளுங்கள். மறிக்குமென்றால் செய்யாதீர்கள்.

இடம்

ஒரு பேர்ச் நிலம் 272 சதுர அடி. நமக்கு அதில் பாதி போதும். 10 அடி நீளம், 8 அடி அகலம் என்பது தொடங்குகிறவருக்குச் சரியான அளவு. இதைவிடச் சிறிதாகக் கட்டினால் சாரல் நடுவரைக்கும் வந்துவிடும். பெரிதாகக் கட்டினால் காற்றுக்குத் தாங்க வைப்பது தனி வேலை.

கொழும்பு வளவுகளில் வெளிச்சம்தான் பெரிய தட்டுப்பாடு. பக்கத்து மாடிவீடு, மதில், மாமரம் என்று எல்லாம் வெயிலை மறிக்கும். ஒக்டோபரிலிருந்து சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்திருக்கும். ஆகவே உங்கள் வீட்டுக்கு வடக்கே ஒட்டிய துண்டில் நிழல் கூடும். தெற்குப் பக்கம் திறந்த இடம் நல்லது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஆறு மணிநேர வெயிலாவது வேண்டும். மழைக்காலத்தில் பின்னேர வெயிலை நம்ப முடியாது என்பதால், காலை வெயில் விழும் கிழக்குத் திறப்பு உள்ள இடமாகப் பாருங்கள். காலை வெயிலுக்கு இன்னொரு பயனும் உண்டு: இரவுப் பனி சீக்கிரம் காயும்.

மதிலிலிருந்து மூன்று அடியாவது தள்ளி வையுங்கள். மதிலோடு ஒட்டினால் காற்று ஓடாது, கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டு வளவில் விழுந்து சண்டையும் வரும். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, களனிப் பக்கம் வெள்ளம் ஏறும் தாழ்வான வளவென்றால், தரையில் நடுவதை மறந்துவிட்டு மேடையில் பை வைத்து வளருங்கள்.

கூடாரம்

சட்டத்துக்கு ஜீ.ஐ. குழாய், கமுகு, மூங்கில் எதுவும் சரி. கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். குழாயை வெட்டிய இடத்திலும் துளைபோட்ட இடத்திலும் துருத்தடுப்புப் பூச்சு அடிக்காமல் விடாதீர்கள். கமுகு போட்டால் மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார் பூசுங்கள். இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கும்.

கால்கள் மண்ணுக்குள் இரண்டு அடி போகட்டும், சுற்றிக் கொங்கிறீற் போட்டால் இன்னும் நல்லது. பக்கக் கால்கள் தரைக்கு மேலே ஆறரை அடி, நடு முகடு ஒன்பது அடி. இந்த உயரத்தைக் குறைக்கச் சொல்லி மேசனும் சொல்வார், வீட்டிலும் சொல்வார்கள். குறைக்காதீர்கள். செடிக்கு மேலே வெற்றிடம் இருந்தால்தான் சூட்டுக்காற்று அங்கே ஏறி வெளியே போகும். முகட்டின் இரண்டு முனையிலும் வரும் முக்கோணத் துவாரத்தை பொலித்தீனால் மூடாமல் அப்படியே விடுங்கள். வௌவால், காகம் தொல்லை இருந்தால் பெரிய கண் வலை அடியுங்கள். சூடு வெளியேறும் வாசல் அதுதான்.

எட்டு அடி அகலத்துக்கு இரண்டரை அடி ஏற்றம் என்பது ஏறத்தாழ 30 பாகைச் சரிவு. சரிவு குறைந்தால் மழைத் தண்ணீர் பொலித்தீனில் குளமாகக் கட்டி, பை போல் தொங்கி, ஒரு இரவில் கிழியும். நல்ல சரிவில் உட்புற வியர்வையும் துளியாகச் சொட்டாமல் வழிந்து ஓரத்துக்குப் போகும். கூரை எல்லாப் பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீண்டிருக்கட்டும்.

பொலித்தீன் வாங்கும்போது யூ.வீ. தாங்கும் 200 மைக்ரோன் என்று கேட்டு வாங்குங்கள். புறக்கோட்டையில் கிடைக்கும் சாதாரணப் பொலித்தீன் விலை குறைவுதான், ஆனால் நம் வெயிலில் சில மாதங்களிலேயே நொறுங்கிப் போகும், யூ.வீ. வகை மூன்று ஆண்டளவு வரும். உச்சி வெயிலில் போடுங்கள், அப்போதுதான் தாள் இளகியிருக்கும், இழுத்துக் கட்டலாம். குழாயும் பொலித்தீனும் உரசும் இடமெல்லாம் பழைய சைக்கிள் டியூப் அல்லது துணியைச் சுற்றுங்கள். தளர்ந்த பொலித்தீனைக் காற்று அடித்து அடித்தே கிழித்துவிடும்.

பக்கங்களுக்கு என்ன செய்வது? மூன்று பக்கம் திறந்தே இருக்கட்டும். சாரல் அதிகம் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் சுருட்டி ஏற்றக்கூடிய ஒரு பொலித்தீன் திரை. மழை வரும்போது இறக்கி, விட்டவுடன் ஏற்றுங்கள். திரையை இறக்கியபடியே இரவைக் கழிக்க விடாதீர்கள்.

பூச்சி வலையால் நாலாபுறமும் மூடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வெண் ஈ நுழையாத அளவுக்கு நெருக்கமான வலை காற்றையும் பாதிக்கு மேல் மறித்துவிடும். மழைக்காலத்தில் பூச்சியைவிடப் பங்கசு நோய்தான் பெரிய எதிரி என்பதால், பெரிய செடிகளுக்கு வலை வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. நாற்றுகளுக்கு மட்டும் ஒரு சிறிய வலைப்பெட்டி செய்துகொள்ளுங்கள்.

தண்ணீர் எங்கே போகும்?

இதைக் கூடாரம் கட்டிய பிறகு யோசிப்பவர்கள்தான் அதிகம். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். ஓரங்களோடு சேர்த்து நம் கூரை 13 அடிக்கு 11 அடி, அதாவது 13 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் மேல். ஒரு பின்னேரம் 50 மில்லிமீற்றர் கொட்டினால் 650 லீற்றருக்கு மேல் தண்ணீர் அந்த இரண்டு ஓரத்தால் விழும். இரண்டு பக்கமும் பீலி போட்டு ஒரு தாங்கிக்கோ வடிகாலுக்கோ கொண்டுபோங்கள். பீலி போட வசதியில்லையென்றால் ஓரத்தின் கீழே அரை அடி ஆழக் கான் வெட்டிச் சல்லிக்கல் நிரப்புங்கள். விழும் தண்ணீர் மண்ணைத் தெறிக்கவைத்து இலையின் அடியில் ஒட்டவிடுவதே நோய் ஏறும் முதல் படி.

டெங்கு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நகரத்தில் தோட்டம் செய்கிறவர் தன் வீட்டுப் பிள்ளைக்கும் அயல்வீட்டுப் பிள்ளைக்கும் பொறுப்பு. பீலியில் தேங்கும் தண்ணீர், பைக்குக் கீழே வைத்த தட்டு, கவிழ்க்காத வாளி, பொலித்தீன் மடிப்பு என்று ஏடிஸ் நுளம்புக்கு இவ்வளவு போதும். சூடான காலத்தில் முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள்தான். ஆகவே கிழமைக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடாரத்தைச் சுற்றி நடந்து தேங்கிய தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டுங்கள். பைக்குத் தட்டே வைக்காதீர்கள், செங்கல் மேல் வையுங்கள். தாங்கியின் வாயை நுண்வலையால் இறுகக் கட்டுங்கள். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்கு வரும். வழக்குக்குப் பயந்து இல்லாவிட்டாலும் காய்ச்சலுக்குப் பயந்தாவது செய்யுங்கள்.

என்ன நடுவது

முதல் முறை என்றால் கறிமிளகாய், பச்சை மிளகாய், சிறு தக்காளி. இந்த வரிசையிலேயே சொல்கிறேன். கறிமிளகாய் கொழும்பு வெக்கையில் மனம் தளராமல் காய்க்கும். பெரிய தக்காளிக்கு இரவு 20 பாகைக்குக் கீழே இறங்கினால் காய்ப்பிடிப்பு நன்றாக இருக்கும். கொழும்பு இரவு அப்படி இறங்காது. அதனால் வெக்கை தாங்கும் வகையாகப் பார்க்க வேண்டும். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திலின, மஹேஷி போன்ற வகைகளின் விதை நம் நாட்டுக் கடைகளில் கிடைக்கும். கொத்தாகக் காய்க்கும் சிறு தக்காளி வகைகள் சூட்டிலும் ஓரளவு பிடித்துக்கொள்ளும்; முதல் ஆண்டு அதையே நடுங்கள். குடைமிளகாயை மலையகத்துக்கு விட்டுவிடுங்கள்.

வெண்டி, பயற்றை, பசளிக்கீரை, வல்லாரை எல்லாம் கூரை இல்லாமலே இந்த மழையைச் சமாளிக்கும். அவற்றுக்குக் கூடாரத்துக்குள் இடம் கொடுப்பது வீண்.

நாற்று

செப்டெம்பர் இரண்டாம், மூன்றாம் கிழமை. குழித்தட்டில் தும்புச்சோறும் நன்றாக முற்றிய கூட்டெருவும் சமபங்கு நிரப்பி, அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை. தக்காளி ஒரு கிழமைக்குள் முளைக்கும், மிளகாய்க்கு இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

நாற்று தரைமட்டத்தில் நொந்து சாய்ந்து விழுவதுதான் இந்தப் பருவத்தில் புதியவர்களை அழவைப்பது. நேற்று நின்றது இன்று படுத்திருக்கும். ஈரம் மிஞ்சியதும் காற்று குறைந்ததும்தான் காரணம். தட்டைத் தரையில் வைக்காமல் இடுப்பளவு உயரத்தில் கம்பிவலை மேசையில் வையுங்கள். காலையில் மட்டும் தண்ணீர். மேல்பரப்பு வெளிறிய பிறகுதான் மறுமுறை. கலவையில் டிரைக்கோடெர்மா (நோய்ப் பங்கசை அடக்கும் நன்மைப் பங்கசு) தூள் சேர்ப்பது உதவும். விழுந்த நாற்றைச் சுற்றியுள்ள குழிகளையும் சேர்த்து எடுத்து எறியுங்கள், இரக்கப்பட்டு வைத்திருக்காதீர்கள்.

மெலிந்து நீண்டு வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். நான்காம் கிழமை ஐந்தாறு இலையோடு, தண்டு உறுதியாக இருந்தால் மாற்றி நடலாம்.

மண்ணா, பையா?

பை. கொழும்பைச் சுற்றிய மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கூடியது. அதோடு தக்காளி, கத்தரி, மிளகாய் என்ற ஒரே குடும்பத்தை வாட்டும் பற்றீரியா வாடல் நோய் ஈரவலயத்தில் பரவலாக உண்டு. பச்சையாக நின்ற செடி நடுப்பகலில் தளரும், மாலையில் தேறும், இரண்டு நாளில் இலை மஞ்சளாகாமலே செத்துப்போகும். அதுதானா என்று அறிய, தண்டின் அடியை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்நிற இழை கீழே இறங்கினால் அதுவேதான். அதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியையும் அதன் மண்ணையும் சேர்த்து அகற்றுவது மட்டுமே வழி. தாய்வானிலுள்ள உலக மரக்கறி நிலையம் இதே சிக்கலுக்காக, மழைக்காலத்தில் தக்காளியைக் கத்தரி அடித்தண்டில் ஒட்டி, மழைக்கூரையின் கீழ் வளர்க்கும் முறையைப் பரிந்துரைத்தது. ஒட்டுவேலை பழகியவர்கள் முயன்று பார்க்கலாம். மற்றவர்களுக்குப் பை போதும்.

பன்னிரண்டு முதல் பதினைந்து லீற்றர் கொள்ளும் பை. இரண்டு பங்கு தும்புச்சோறு, ஒரு பங்கு கூட்டெரு, ஒரு பங்கு உமிக்கரி. தும்புச்சோற்றில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி ஊறவைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவிய பிறகே கலக்குங்கள். உமிக்கரியைத் தவிர்க்காதீர்கள். தும்புச்சோறு தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணமுள்ளது. மழைக்காலத்தில் வேருக்குக் காற்று கொடுப்பது கரிதான். பையின் அடியிலும் அடியிலிருந்து ஒரு அங்குல உயரத்திலும் துளைகள் போடுங்கள்.

தரையில்தான் நடுவேன் என்பவர்கள் ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி போட்டு, நடுவதற்கு இரண்டு கிழமை முன்பு, மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் டொலமைட் தூளைக் கலந்து, கடந்த மூன்று ஆண்டில் கத்தரி, மிளகாய் நடாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவதும் ஊட்டுவதும்

நம் 80 சதுர அடிக்குள் பன்னிரண்டு பை, மிஞ்சினால் பதினான்கு. இரண்டு வரிசை, நடுவில் தாராளமாக நடக்க வழி. இடம் வெறுமையாகத் தெரியும், இன்னும் பத்து வைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வைக்காதீர்கள். எட்டாம் கிழமை இலைகள் ஒன்றோடொன்று தொடும்போது, இன்று விட்ட இடைவெளிதான் காற்று போகும் வழி.

தக்காளியை முதல் இலைவரை ஆழமாகப் புதைத்து நடலாம், தண்டிலிருந்தே வேர் விடும். மிளகாயை அப்படிச் செய்யக்கூடாது, நாற்று நின்ற அதே மட்டத்தில் நடுங்கள். பின்னேரம் நட்டுவிட்டு ஒருமுறை தண்ணீர் காட்டினால் போதும்.

தண்ணீர் ஊற்றுவதில்தான் மழைக்காலச் செடிகள் அதிகம் சாகின்றன. மேகம் மூடிய நாளில் செடி குடிக்கும் அளவு வெயில் நாளின் பாதிகூட இராது. நாம் பழக்கத்தில் அதே வாளியை ஊற்றுவோம். பையின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பாரமாக இருந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். ஊற்றுவதென்றால் காலை ஏழு, எட்டு மணிக்கு, இலையில் படாமல், அடியில். பின்னேரத்தில் வேண்டவே வேண்டாம்.

பசளைக்கு நம் நாட்டில் எங்கும் கிடைக்கும் அல்பேட் கரைசல் தூள் நல்லது. பைக்கற்றில் போட்ட அளவுப்படி கரைத்து, முதல் இரண்டு கிழமை அதில் பாதி, பிறகு முழு அளவு, கிழமைக்கு இரண்டு தடவை. இலை கருகரு என்று அடர்ந்து, பூ வராமல் நின்றால் நைதரசன் மிஞ்சிவிட்டது. அப்படிக் கொழுத்த மெல்லிய இலையைப் பங்கசு சுலபமாகப் பிடிக்கும். மழைக்காலத்தில் செடி கொஞ்சம் மெலிந்து நின்றாலும் பரவாயில்லை.

தக்காளிக்கு மேல் தீராந்தியிலிருந்து கயிறு விட்டு, தண்டைச் சுற்றி ஏற்றுங்கள். இலைக்கக்கத்தில் வரும் பக்கக் கிளைகளை விரல்நீளம் ஆவதற்குள் கிள்ளிவிடுங்கள். காய் பிடித்த பிறகு ஒரு செடியே நான்கைந்து கிலோ பாரம் வரும் என்பதால் கயிறு கட்டும் குறுக்குத்தடி உறுதியாக இருக்கட்டும்.

இரவு ஈரம்

எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி இதுதான். கூரை மழையை நிறுத்திவிட்டது, ஆனால் இலை இன்னும் நனைகிறது. எப்படி? நடுச்சாமத்துக்குப் பிறகு காற்று அசையாமல் நின்று, ஈரப்பதன் 90 சதவீதத்துக்கு மேல் ஏறும்போது, இலை காற்றைவிடக் கொஞ்சம் குளிர்ந்தாலே அதன்மேல் பனி படியும். விடியற்காலை இரண்டு மணிக்குப் படிந்த ஈரம் எட்டு மணிக்கு வெயில் பட்டுத்தான் காயும் என்றால், இலை ஆறு மணிநேரம் நனைந்திருக்கிறது. பங்கசு வித்துகள் முளைத்து இலைக்குள் நுழைய அந்த நேரம் போதும்.

ஈரத்தை முற்றாக ஒழிக்க கொழும்பில் முடியாது. அந்த ஆறு மணிநேரத்தை இரண்டு மணிநேரமாகக் குறைப்பதே நம் இலக்கு. செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள்தான். மண்ணுக்கு மேலே ஒரு அடிவரை உள்ள எல்லா இலையையும் வெட்டிவிடுங்கள். தரையோரக் காற்று புகுந்து வரும். கூடாரத்தின் தரையில் ஈரமண் தெரியக்கூடாது, சல்லிக்கல்லோ பாயோ போட்டு மூடுங்கள், ஏனென்றால் அந்தத் தரையிலிருந்து எழும் ஆவிதான் இரவில் இலைமேல் இறங்குகிறது. கூரையோரமாகக் கட்டிய சேலை, சாக்கு, காயப்போட்ட துணி எதுவும் வேண்டாம்.

ஒரு சிறிய மின்விசிறி இருந்தால் அதைவிட உதவி வேறில்லை. செடிகளை நேரே அடிக்காமல், செடிகளுக்கு மேலாகக் காற்று நகரும்படி வைத்து, நேரக்கருவியில் விடியற்காலை மூன்று மணியிலிருந்து எட்டு மணிவரை ஓடவிடுங்கள். மழையும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் வீட்டு மின்சாரத்தை நேரே இழுக்காதீர்கள். 12 வோல்ற்று விசிறி பாதுகாப்பானது. வீட்டு மின்சாரம்தான் என்றால் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று மின்வினைஞரைக் கொண்டு சோதித்துவிட்டுச் செய்யுங்கள். இந்த மாதங்களில் பின்னேர இடிமின்னல் கடுமை. வானம் முழங்கத் தொடங்கினால் இரும்புச் சட்டத்துக்குக் கீழே நின்று வேலை செய்யாமல் வீட்டுக்குள் போய்விடுங்கள்.

கூரையின் வெளிச்சத்தையும் கவனியுங்கள். ஈரத்தில் பொலித்தீன் மேல் பாசி படியும். மாதம் ஒருமுறை மெல்லிய துணித் துடைப்பத்தால் கழுவிவிடுங்கள். நிழல்வலை இப்போது வேண்டாம்.

நோயும் பூச்சியும்

காலையில் கோப்பியோடு போய் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். மருந்தைவிடப் பெரிய காரியம் அது.

தக்காளியின் கீழ் இலையில் வளையம் வளையமாகக் கபிலப் புள்ளி வந்தால் அது முன்வெளிறல். மேலே மஞ்சள் திட்டும் அடியில் ஒலிவ் நிறப் பூஞ்சணமும் என்றால் இலைப்பூஞ்சணம், காற்று போதவில்லை என்ற செய்தி. இரண்டுக்கும் அந்த இலைகளைக் காய்ந்த காலைநேரத்தில் வெட்டி, பையில் கட்டி வெளியேற்றுங்கள். கூட்டெருக் குழியில் போடாதீர்கள். ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். புகைப்பவர்கள் செடியைத் தொடுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். புகையிலையிலிருந்து சித்திரவடு வைரசு தொற்றக்கூடும்.

தண்டின் அடியில் வெள்ளைப் பூஞ்சண இழை பரவி, அதில் கடுகளவு கபில உருண்டைகள் தெரிந்தால் அடித்தண்டு அழுகல். அந்த உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். பையோடு தூக்கி எறிவதே நல்லது. இது வராமலிருக்க, அரைகுறையாக உக்கிய எருவைத் தண்டோடு சேர்த்துக் குவிக்காதீர்கள்.

கூரைக்குக் கீழே வளர்ப்பவர்கள் எதிர்பாராத ஒன்று மிளகாயின் இலைச்சுருள். வெளியே நிற்கும் செடியில் மழையே பனிப்பூச்சியையும் சிற்றுண்ணியையும் அடித்துக் கழுவிவிடும். கூரையின் கீழ் அந்தக் கழுவல் இல்லை, பூச்சி பெருகும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டு குருத்து தடித்தால் சிற்றுண்ணி. கிழமைக்கு ஒருமுறை, நல்ல வெயில் நாளின் காலையில், இலையின் அடிப்புறத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். நண்பகலுக்குள் காய்ந்துவிட வேண்டும். சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகத்தூள், பனிப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். ஒன்றை அடித்து இரண்டு கிழமைக்குள் மற்றதை அடிக்க வேண்டாம், இலை பொசுங்கும். நீல ஒட்டுத்தாள் பனிப்பூச்சிக்கும் மஞ்சள் ஒட்டுத்தாள் வெண் ஈக்கும்.

இரவில் ஆபிரிக்க நத்தை வரும். கையுறையோடு பொறுக்கி உப்புத்தண்ணீரில் போடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், மனிதருக்கு நோய் தரும் புழு அதில் இருக்கக்கூடும்.

கடைக்காரர் கொடுக்கும் மருந்தை நோய் தெரியாமல் அடிப்பதைவிட, விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற எண்ணுக்கு அழைத்து, கண்டதைச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருந்தானாலும் அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையில் விட வேண்டிய நாட்கள் சுட்டியில் இருக்கும். அது உங்கள் பிள்ளைகள் சாப்பிடும் காய்.

பூவும் காயும்

நவம்பர் நடுவில் பூ வரும். தக்காளிப்பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் ஈரக்காற்றில் மகரந்தம் ஒட்டிப்போய்க் கொட்டாது. காலை ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள், காற்று கொஞ்சம் காய்ந்திருக்கும்போது, பூங்கொத்தின் காம்பை விரலால் மெதுவாகச் சுண்டிவிடுங்கள். பக்கங்கள் திறந்திருப்பதால் தேனீயும் வரும். பூக்கும் காலத்தில் மருந்தடிப்பதென்றால் பின்னேரம் தேனீ போன பிறகு அடியுங்கள். இலை இரவுக்குள் காயும் நாளாகவும் பாருங்கள்.

காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிந்தால் கல்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதே பெரும்பாலும் காரணம். தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த கொத்து நன்றாக வரும்.

கறிமிளகாயை வெளிர்பச்சையில், அழுத்தினால் உறுதியாக இருக்கும்போதே பறியுங்கள். முதல் இரண்டு மூன்று காயைச் சிறிதிலேயே எடுத்துவிட்டால் செடி கிளைத்து அதிகம் பிடிக்கும். தக்காளியைப் பாதி சிவந்ததும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். செடியில் முழுதாகப் பழுக்க விட்டால் எதிர்பாராத ஒரு மழையில் தோல் வெடிக்கும், அணிலும் முந்திக்கொள்ளும். இழுத்துப் பிடுங்காமல் காம்போடு வெட்டுங்கள்.

ஜனவரியில் காற்று வரண்டுவிடும். அப்போது திரையைக் கழற்றி வையுங்கள், தண்ணீரைக் கூட்டுங்கள். பெப்ரவரி வெயில் ஏறி, நடுப்பகலில் இலைகள் தளரத் தொடங்கும்போது கூரைக்கு மேலே நிழல்வலையைப் போட்டு, ஒரு அடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். பராமரித்தால் கறிமிளகாய் ஏப்ரல்வரை பறிக்கலாம். தக்காளி ஓய்ந்ததும் வாடல் நோய் வராத பைகளின் கலவையை வெயிலில் பரப்பிக் காயவிட்டு, அடுத்த முறை அதில் பயற்றையோ கீரையோ போடுங்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் செப்டெம்பரில் புதுக் கலவை போட்டுக்கொள்ளலாம்.